போகிறேன் என்று சொல்லக் கூடாத பேரவை

“சொல்லுங்க நாதியா. ‘அலே’ங்கற வினைச்சொல். நிகழ்காலம். தன்மை ஒருமை.”

“ழ வே…”

டணங்!

தேனம்மை ஆச்சி மணியை அடித்துவிட்டு மேசைமேல் வைத்தாள். ஆச்சியின் மாமனார் பினாங்கில் இருந்து கொண்டுவந்த வெண்கலக் கைமணி அது. கோட்டையூரில் அதை அடித்தால் அடுத்த தெருவில் தூங்கும் பிள்ளை எழுந்துவிடும். நாதியா முன்வரிசை. காதுக்குள் சுர்ரென்று ஏறியது.

“முழுசாச் சொல்லு புள்ள. பாதியில நிப்பாட்டுனா அடிப்பேன்.”

“நான் நிப்பாட்டல ஆச்சி. நீங்க அடிச்சதுலதான் நின்னு போச்சு.”

“அப்ப நான் அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லி முடி.”

நாதியா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே தம்மில் சொன்னாள்: “ழ வே ஏ ழ வியேன்.”

அதாவது, நான் போகிறேன், நான் வருகிறேன். சேர்த்துச் சொன்னால் போய்விட்டு வருகிறேன். ஆச்சியின் கை மணியை விட்டு இறங்கியது. வகுப்பு முழுவதும் மூச்சு விட்டது. இயக்குநர் செம்மலை கண்ணை மூடி, பாட்டுக் கேட்கிறவரைப் போலத் தலையை ஆட்டினார்.

“இதுதான் பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரவுகளுக்கே இது தெரியாது.”

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையில்தான் நாதியாவின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது.

காரைக்குடி செக்காலையில் இருந்து டவுன் பஸ் பிடித்து அவள் கோட்டையூருக்கு வந்து போவது பொழுதுபோக்குக்காக இல்லை. அவள் கணவன் ஷாகிர் பிரான்சில் லியோன் பக்கம் ஓர் உணவகத்தில் சமையல்காரன். கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் விமானம் ஏறினான். அவனோடு போய் இருக்க அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன வாய்மொழித் தேர்வு. அந்த ஊர் அம்மா ஒருவர் கணினித் திரையில் வருவார், பத்து நிமிடம் பேசுவார், பதில் சொன்னால் போதும். சுற்றுவட்டாரத்தில் அந்தத் தேர்வுக்கு இணைப்பு மையமாக இருந்தது ஒன்றே ஒன்று. செட்டிநாடு பிரெஞ்சு மொழிப் பண்பாட்டுப் பேரவை.

பேரவை நடந்தது தேனம்மை ஆச்சியின் வீட்டு வளவில். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அந்த வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை அவனுக்கு என்று ஒதுங்கும். ஆச்சிக்கு நான்கு மகன்கள். நான்கு கதவிலும் பூட்டு. சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில். ஆள் புழங்கினால் வீட்டுக்கு நல்லது என்றுதான் செம்மலைக்கு இடத்தைச் சும்மா கொடுத்திருந்தாள்.

செம்மலை கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுச் சுற்றுலாவில் பாரிஸ் போய், கோபுரத்துக்குக் கீழே நின்று தயிர்சாதம் சாப்பிட்டவர். அங்கே தமக்கு ஒரு கடமை புலப்பட்டதாகச் சொல்வார்.

முதல் நாள் வகுப்பில் அவர் செய்தது ஒரே ஒரு பிழை. பலகையில் ‘அலே’ என்று எழுதி, தமிழ்ப் பொருளோடு எல்லாரையும் உரக்கச் சொல்லச் சொன்னார். வகுப்பும் சொன்னது. நான் போகிறேன். நீ போகிறாய். அவர் போகிறார். நாங்கள் போகிறோம்.

உள்கட்டில் இருந்து ஆச்சி ஓடி வந்தாள். கையில் கரண்டி.

“யாருடா அது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கேத்துன வீட்டுல ஒக்காந்துக்கிட்டு போறேன் போறேன்னு ஓலம் போடுறது? போயிட்டு வாரேன்னு சொல்ல வாய் வராதா?”

“ஆச்சி, இது பிரெஞ்சு…”

“எந்த ஊருப் பேச்சா இருந்தா என்ன? சொல்றது என் வீட்டுல!”

வேறு ஆளாக இருந்தால் இடத்தை மாற்றியிருப்பார். செம்மலை நிர்வாகி. மொழியை மாற்றினார்.

அன்று மாலையே ‘மங்கல வினைச்சொல் ஆய்வுக் குழு’ அமைந்தது. தலைவர் செம்மலை. புரவலர் தேனம்மை ஆச்சி. செயலாளர் எதிர்வீட்டு முத்தப்பன். எந்தக் கூட்டத்திலும் காபி வரும்வரை எதிர்ப்பதும் வந்தபின் ஆமோதிப்பதும் அவர் வழக்கம். பிரெஞ்சில் உள்ள வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது வீட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று குழு பிரித்தது.

“‘மூரீர்’. சாவது,” என்று செம்மலை வாசித்தார்.

“தன்மையில வேண்டவே வேண்டாம்,” என்றார் முத்தப்பன். “நான் சாகிறேன்னு பிள்ளைக சொல்லலாமா? படர்க்கையில இருக்கட்டும். அவர் சாகிறார். அதுல நமக்கு என்ன?”

“‘தோம்பே’. விழுவது.”

“அவர் விழுகிறார். தாராளமா.”

“‘வாந்த்ர்’. விற்பது.”

இங்கே முத்தப்பன் வாசல் வழியே தன் வீட்டைப் பார்த்தார். அவர் வீட்டு முகப்பில் இருந்த பர்மா தேக்குத் தூண்கள் போன மாதம்தான் லாரி ஏறியிருந்தன. “நம்ம ஊர்ல யாரும் எதையும் விக்கிறது இல்ல,” என்றார் கடைசியில். “குடுக்குறோம். ‘குடுக்குறேன்’னு மாத்திக்குங்க.”

மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டில் அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்வதில்லையே, நிறைந்திருக்கிறது என்றுதானே சொல்கிறோம் என்று ஆச்சி ஞாபகப்படுத்தினாள். உடனே பிரெஞ்சில் ‘இல்லை’ ஒழிந்தது. அதற்குப் பதில் ‘செ ப்லேன்’, நிறைந்திருக்கிறது. இறந்த காலம் பெயரிலேயே துக்கம் இருப்பதால் தள்ளுபடி. எதிர்காலத்தில் ‘எதிர்’ இருப்பதை முத்தப்பன் சுட்டிக்காட்டினார். அதுவும் போயிற்று. மிஞ்சியது நிகழ்காலம் மட்டும். அதிலும் ஆகாத சொல்லை யாராவது தன்மையில் சொல்லிவிட்டால், சொல் வீட்டுக்குள் இறங்குவதற்குள் அதை அடித்து விரட்ட மணி.

இந்த நிலையில்தான் நாதியா முதல் தடவை தேர்வு எழுதினாள். எழுதினாள் என்ன, பேசினாள்.

“நீங்கள் பிரான்சுக்குப் போகிறீர்களா?” என்று திரையில் அந்த அம்மா கேட்டார்.

“போகிறேன், வருகிறேன்.”

“அங்கே தங்குகிறீர்கள், இல்லையா?”

“தங்குகிறேன். போகிறேன், வருகிறேன்.”

முடிவு வந்தது. ‘விண்ணப்பதாரர் போகிறாரா, திரும்புகிறாரா என்பது விளங்கவில்லை.’ தேர்ச்சி இல்லை.

அன்று பேரவையில் கேசரி கொடுத்தார்கள். “நம்ம பண்பாடு கடல் தாண்டிப் போய் அவுகளைக் குழப்பியிருக்கு,” என்றார் செம்மலை. “இது சாதாரண விஷயமா?”

இரண்டாம் வாய்ப்பு இந்த மாதக் கடைசியில். அதுவும் தவறினால் ஷாகிர் அங்கே வாங்கி வைத்திருந்த அனுமதிகள் காலாவதியாகிவிடும். மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஒரு வருஷமோ, இரண்டோ, யாருக்குத் தெரியும்?

“வேற மையத்துக்கு மாத்த முடியாதா நாதியா?” ஷாகிர் போனில் கேட்டான். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

“மறுதேர்வு அதே மையத்துலதான் மச்சான். கேட்டுப் பார்த்துட்டேன்.”

“இங்க யாரும் அப்படிப் பேச மாட்டாக. போறவன் போறேன்னுதான் சொல்லுவான். ‘ழ பார்’னு சொல்லு. நான் கெளம்புறேன். அவ்வளவுதான். மூணு எழுத்து.”

“சொன்னா மணி அடிப்பாக மச்சான்.”

“மணியா? எதுக்கு மணி?”

அவள் விளக்கப் பார்த்தாள். இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் அவளுக்கே நம்பமுடியாமல் போய் நிறுத்தினாள்.

மாமியார் ஷரபுன்னிசா பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தார். “எங்கிட்டக் குடு போனை. டேய், உம் பொண்டாட்டி நல்லாத்தான் படிக்கிறா. தூக்கத்துல கூட நூ சோம், வூ ஸெத்துங்கறா. நான் பேய் புடிச்சிருச்சுன்னு ஓதி ஊதிவிட்டேன். அந்தச் செட்டிய வீட்டு மணியத்தான் யாராச்சும் ஓதி ஊதணும்.”

இதற்குள் பேரவையின் பிரெஞ்சு ஊருக்குள்ளும் இறங்கியிருந்தது. பாரம்பரிய விடுதி ஒன்றில் வரவேற்பில் இருந்த ஹரீஷ் நாதியாவோடு படித்தவன். ஒருநாள் வகுப்புக்குத் தாமதமாக, சட்டையெல்லாம் செம்மண்ணோடு வந்தான்.

“என்னடா கோலம் இது?” என்றாள் நாதியா.

“தோட்ட வேலைக்கு மாத்திட்டாங்க அக்கா. பிரெஞ்சுக்காரரு ஒருத்தரு, வெந்நீர் இருக்கான்னு கேட்டாரு. மோட்டார் ரிப்பேரு. இல்லைன்னு சொல்லக் கூடாதே? செ ப்லேன்னேன். நெறஞ்சிருக்குன்னு நம்பி மனுசன் உடம்பெல்லாம் சோப்புப் போட்டுட்டாரு.”

“அல்லாஹ்! அப்புறம்?”

“அப்புறம் துண்டோட வரவேற்புக்கு வந்தாரு. அதையாச்சும் மன்னிச்சாங்க. மறுநாள் ஒரு வயசான தம்பதி கிளம்புனாக. காருல ஏத்திட்டு மரியாதையா, ழ வே ஏ ழ வியேன்னு கும்பிட்டேன். நான் போயிட்டு வரேன்னு சொன்னதா எடுத்துக்கிட்டாக. நான் திரும்பி வருவேன்னு காருலயே ஒக்காந்திருக்காக. டிரைவர் எடுக்கட்டுமான்னு கேட்டா, வேண்டாம் வேண்டாம், அந்தத் தம்பி வரும்ங்கறாக. ரயிலு போயிருச்சு அக்கா.”

நாதியா சிரிக்கப் போனவள் நின்றாள். ரயில் போயிருச்சு என்ற சொல் நெஞ்சுக்குள் எங்கேயோ போய் இடித்தது.

ஹரீஷ் எழுந்து இயக்குநரிடம் கேட்டேவிட்டான். “சார், நாம படிக்கிறது அவுகளுக்குப் புரியலையே?”

செம்மலை கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, மொழி எதுக்குன்னு நெனைக்கிறீக? பேசுறதுக்கா? புரியுறதுக்கா? அதுக்குத்தான் தமிழ் இருக்கே! பிரெஞ்சு படிக்கிறது நாம யாருன்னு அவுகளுக்குக் காட்ட. புரியாட்டி அது அவுக குறை. இந்தப் பேரவை தொடங்குன நாளா நம்ம மாணவர்கள்ல ஒருத்தர் கூடப் பிரெஞ்சுக்காரர்கிட்டப் பேசிக் கெட்டுப் போனது கெடையாது. தோட்டத்துக்குப் போனாலும் பண்பாட்டோட போயிருக்கீக. கை தட்டுங்க எல்லாரும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஹரீஷும் தட்டினான். கையில் இருந்து மண் உதிர்ந்தது.

வகுப்பு கலைந்த பின் நாதியா குழுவின் முன் போய் நின்றாள். பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

“சார், தேர்வுக்கு மட்டும், ஒரே ஒரு நாள், ‘ழ பார்’ சொல்லிக்கிறேன். மெதுவாச் சொல்றேன்.”

“மெதுவாச் சொன்னா வீட்டுக்குக் கேக்காதா?” என்றார் முத்தப்பன். காபி இன்னும் வரவில்லை.

“என் வாழ்க்கை சார் இது. போறதுக்குத்தான் படிக்கிறேன். போறேன்னு சொல்ல விட மாட்டேங்கறீகளே.”

செம்மலைக்கு மனம் இளகியது. அது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் பதவி அந்த முகத்துக்கு மேலே இருந்தது. “அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஒருத்தருக்கு விதிவிலக்குக் குடுத்தா நாளைக்கு இன்னொருத்தர் ‘விழுகிறேன்’னு வந்து நிப்பாரு. நீங்க பதட்டத்துல நாக்குத் தவறீரக் கூடாதுன்னுதான் தேர்வு அறையிலயும் மணி இருக்கட்டும்னு தீர்மானம் போட்டிருக்கோம். உங்க பாதுகாப்புக்கு.”

“தேர்வு நடக்கும்போது மணி அடிப்பீகளா?”

“தேவைப்பட்டா மட்டும்.”

நாதியா ஆச்சியைப் பார்த்தாள். ஆச்சி அங்கே இல்லை. முற்றத்து ஓரத்தில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, திரையில் இருந்த ஒரு வழுக்கைத் தலையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“தைப்பொங்கலுக்கு வாரேன்னியே ராசா?”

“லீவு கெடைக்கல ஆத்தா. அடுத்த வருசம் பார்ப்போம். இப்ப மீட்டிங் இருக்கு. போயிட்டு வாரேன் ஆத்தா.”

“போயிட்டு வா,” என்றாள் ஆச்சி. திரை இருண்ட பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்புச் சாவிக்கொத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, நாதியாவிடம் திரும்பி, “என்ன புள்ள, நாளைக்குப் பரீச்சையா? நல்லாச் சொல்லு. நான் இருக்கேன்ல,” என்றாள்.

அந்த ‘நான் இருக்கேன்ல’தான் நாதியாவைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வளவின் நடுவே மேசை, மேசைமேல் கணினி. நாதியா திரைக்கு எதிரே. அவளுக்குப் பின்னால் பூட்டிய அறைகள். திரைக்கு அந்தப் பக்கம், அந்த அம்மா கண்ணில் படாதபடி மூன்று நாற்காலிகளில் குழு. செம்மலை கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஆச்சி பட்டுச் சேலையில் இருந்தாள், மடியில் மணி.

“தமிழ்ல ஒரு வார்த்தை பேசுனாலும் தேர்வு ரத்து. ஞாபகம் இருக்கட்டும்,” என்று செம்மலை கிசுகிசுத்தார். திரை ஒளிர்ந்தது.

நரைத்த குட்டை முடி, கழுத்தில் நீலத் துண்டு. அந்த அம்மா சிரித்தார். பெயர் கேட்டார். ஊர் கேட்டார். நாதியா சொன்னாள். என்ன சாப்பிடுகிறீர்கள்? சோறு சாப்பிடுகிறேன், மீன் சாப்பிடுகிறேன். அந்த அம்மா தலையாட்டினார். சாப்பிடுவதைச் சொல்லும் ‘மான்ழே’ மங்கலச் சொல்; அதில் ஆபத்து இல்லை.

“காலையில் என்ன செய்கிறீர்கள்?”

“சமைக்கிறேன். துணி துவைக்கிறேன். வேலையை முடிக்…”

டணங்!

‘ஃபினீர்’. முடிப்பது. ஆகாத சொற்களைக் குழு எழுதி வைத்திருந்த பலகையில் இரண்டாம் வரிசையில் இருந்த சொல். நாதியா மறந்துபோயிருந்தாள். அந்த அம்மா நாற்காலியில் ஓர் அங்குலம் எழும்பி உட்கார்ந்தார்.

“மன்னிக்கவும். பக்கத்தில் தேவாலயம் இருக்கிறதா?”

“கோயில்னு சொல்லுங்க, கோயில்,” என்று செம்மலை வாயசைத்தார்.

நாதியா வெறுமனே சிரித்து வைத்தாள். அந்த அம்மா முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

“உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா?”

இல்லை என்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன இரண்டாம் மாதம் போனவன், இல்லை. ஆச்சியின் கை மணியின் காம்பைப் பிடித்துவிட்டது. நாதியாவின் நாக்கு பழக்கத்தில் தானாக ஓடியது.

“செ ப்லேன்.”

நிறைந்திருக்கிறது.

அந்த அம்மா கண்ணாடியை மேலே தூக்கி காகிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். கணவன் அங்கே, மனைவி இங்கே, குழந்தைகள் இல்லை என்று அதில் இருந்தது. மனைவியோ குழந்தைகள் நிறைந்திருக்கிறார்கள் என்கிறாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக மடங்கி உள்ளே போனது. எதையோ எழுதத் தொடங்கினார்.

எழுதுவதை நிறுத்த வேண்டும். நாதியா பதறிப்போய், “இல்லை, இல்லை, எனக்கு…” என்று பிரெஞ்சில் ஆரம்பித்தாள்.

டணங்! டணங்!

‘பா’ என்ற அந்த எதிர்மறைச் சொல் மணிக்குள் போய்ப் புதைந்தது. முத்தப்பன் ஆச்சியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த அம்மா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்த மணியை நிறுத்த முடியுமா?”

நாதியா அதற்கும் சிரித்து வைத்தாள். நிறுத்துவதும் பலகையில் இருந்தது.

இன்னும் ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அப்போது அவர் பார்வை நாதியாவின் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. தூண்களுக்கு, வேலைப்பாட்டுக் கதவுகளுக்கு. இரக்கமோ ஆசையோ, குரல் கொஞ்சம் இளகியது.

“எவ்வளவு அழகான வீடு! அந்த அறைகளில் யார் வசிக்கிறார்கள்?”

கேள்வி எளிதானது. நாதியா திரும்பிப் பார்த்தாள். நான்கு கதவு, நான்கு பூட்டு. பிறகு திரைக்கு அந்தப் பக்கம் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். மணியின் காம்பில் இருந்த அந்த விரல்களைப் பார்த்தாள்.

அவளிடம் இருந்தது நிகழ்காலம் ஒன்றுதான். எப்போது போனார்கள் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. எப்போது வருவார்கள் என்று சொல்லவும் தெரியாது. இருந்ததை வைத்துச் சொன்னாள்.

“மதாம் தேனம்மை இங்கே வசிக்கிறார். மகன்கள் நான்கு.” படர்க்கைக்குத் தடை இல்லை. “இல் பார்த்.”

அவர்கள் கிளம்புகிறார்கள்.

“‘நான் போகிறேன், நான் வருகிறேன்’ என்று சொல்கிறார்கள்.” அவள் நிறுத்தினாள். அடுத்ததற்குத் தடை உண்டு. “இல் ந வியேன் பா.”

அவர்கள் வருவதில்லை.

நாதியா தோளைக் குறுக்கிக்கொண்டு மணிக்குக் காத்திருந்தாள்.

போவதற்கான ‘அலே’யும் வருவதற்கான ‘வெனீர்’உம் வகுப்பில் தினம் ஒலித்தவை. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருளைச் செம்மலை உரக்கச் சொல்வார். உள்கட்டில் காய் நறுக்கிக்கொண்டே ஆச்சி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ‘பா’ என்றால் என்ன என்பது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதைப் பிடிக்கத்தானே அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்!

மணி மேலே போனது. அங்கேயே நின்றது.

“ஆச்சி,” என்று செம்மலை உதட்டை மட்டும் அசைத்தார். “பா. பா சொல்லீட்டாக.”

ஆச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. பூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அந்த அம்மாவும் ஒன்றும் எழுதாமல் இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “நீங்கள்?”

நாதியா ஆச்சியின் முகத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. முத்தப்பன் மணியைப் பிடுங்க எட்டினார். ஆச்சி இன்னொரு கையால் மணியின் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டு அதை மடிக்குள் அமுக்கினாள்.

“ழ பார்,” என்றாள் நாதியா.

வீடு இடிந்து விழவில்லை. முற்றத்தில் ஒரு புறா இறங்கி எதையோ கொத்தியது.

“ழ பார்,” என்று இன்னொரு தரம் சொன்னாள். “என் கணவர் காத்திருக்கிறார். எனக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டில் ஒன்றும் நிறைந்திருக்கவில்லை. நான் போகிறேன்.”

அந்த அம்மா பேனாவை எடுத்தார்.

தேர்ச்சி என்று முடிவு வந்த அன்று பேரவை அவசரக் கூட்டம் போட்டது. செம்மலை ஒரு மணி நேரம் பேசினார்.

“பேரவையின் பயிற்சி முறைக்குக் கிடைத்த உலக அங்கீகாரம் இது. நிகழ்காலத்தை மட்டும் கற்றே ஒருவர் கடல் கடக்க முடியும் என்று காட்டியிருக்கிறோம். தேர்வு அறையில் சிறு தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டதை நான் மறைக்க விரும்பவில்லை. மணி உரிய நேரத்தில் ஒலிக்கவில்லை. மணியைப் பழுதுபார்க்க அனுப்பத் தீர்மானிக்கிறோம்.”

காபி வந்தது. முத்தப்பன் வழிமொழிந்தார்.

மணி காரைக்குடி பாத்திரக் கடைக்குப் போனது. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்ன கொறைச்சல்? அடிச்சாச் சத்தம் வரும்,” என்றார். குழுவின் தீர்மானத்தில் பழுது என்று இருந்ததால், பழுது கண்டுபிடிக்கப்படும்வரை அங்கேயே வைத்திருக்கும்படி சொல்லிவிட்டு வந்தார்கள்.

கோட்டையூர் பஸ் நிறுத்தத்தில் பெரிய பதாகை. அதில் நாதியாவின் படம். கீழே கொட்டை எழுத்தில், ‘நம் மாணவி பிரான்சுக்குப் போய் வருகிறார்!’

புறப்படுகிற நாள் காலை அவள் ஆச்சியைப் பார்க்க வந்தாள். காரில் ஷரபுன்னிசா மாமியும் பெட்டிகளும். வளவில் வகுப்பு இல்லை. ஓர் அறைக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே மெத்தை, தட்டுமுட்டுச் சாமான், தூசி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆச்சி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரும் வாராகளா ஆச்சி?” என்றாள் நாதியா.

“யாரு வாரா? இந்த ஹரீஷ் பய விடுதியில இருந்து நின்னுட்டானாம். வாடகைக்கு எடம் கேட்டான். பூட்டி வச்சு என்ன கண்டேன்?” ஆச்சி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். “கெளம்பீட்டியா?”

“ஆமா ஆச்சி.” நாதியாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. “போயிட்டு வா…”

“நிறுத்து.”

நாதியா நிறுத்தினாள். ஆச்சியின் கை தன்னால் மேசைப் பக்கம் போனது. மேசைமேல் மணி இல்லை. கை வெறும் மேசையைத் தடவிவிட்டுத் திரும்பியது.

“அதை நெறையக் கேட்டுட்டேன் புள்ள. அன்னைக்குச் சொன்னியே, அந்தப் பேச்சுல சொல்லு.”

“ழ பார், ஆச்சி.”

“அப்புறம்?”

“த்யு பார், நீ. இல் பார், அவர்.”

“கடைசி?”

“இல் பார்த்.”

“அவுக கெளம்புறாக. அது எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள் ஆச்சி. முந்தானையை மூக்கில் இருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே கார் ஹாரன் அடித்தது. வாசல்வரை கூட வந்தாள். வாசலில் நின்று, அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லாத ஒரு சொல்லை, தடுக்க மணி இல்லாத அந்தக் காலையில் சொன்னாள்.

“போ.”

நாதியா போனாள்.